இனிஷியல் இல்லாத உண்ணாமலை

அடி அண்ணாமலை,
20-3-2004

அன்புள்ள சின்ன உண்ணாமலைக்கு,

பெரிய உண்ணாமலை எழுதுவது. இது உனக்கு நான் எழுதும் இரண்டாவது கடிதம். முதல் கடிதம் எனக்கே திரும்பி வந்துவிட்டது. மேலேயும் உண்ணாமலை, கீழேயும் உண்ணாமலை என்று இருந்ததில் யாரோ குழம்பிவிட்டார்கள். தபால்காரர் கொண்டுவந்து நீட்டி, "ஏம்மா, உனக்கு நீயே லெட்டர் போட்டுக்கிறியா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அப்புறம் அடுப்படியில் உட்கார்ந்து அதைப் பிரித்துப் படித்தேன். எனக்கே பிடிக்கவில்லை, கிழித்துப் போட்டுவிட்டேன்.

இந்த விலாசம் உன் அம்மா கொடுத்தது. சந்தையில் பார்த்தேன். முகம் கொடுத்துப் பேசவில்லை, விலாசத்தை மட்டும் சொன்னார். ஹாஸ்டலில் போன் வந்தால் வார்டன் பக்கத்திலேயே நிற்பாராமே. அதனால்தான் கடிதம். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் சிரிக்காதே.

கெஸ்ட் ஹவுஸில் நீ போன பிறகு படுக்கை விரிப்பெல்லாம் எல்லம்மாள்தான் துவைக்கிறாள். வெள்ளை வெள்ளையாக இல்லை. நீ சொட்டு நீலம் போடுகிற அளவு அவளுக்குக் கைவரவில்லை. மாடி அறையில் தங்கும் வெள்ளைக்காரம்மா இந்தத் தடவை வந்ததும் துணி காயப்போடும் இடத்துக்கே போய் உன்னைத் தேடினார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சைகையில் சொன்னேன்.

ஜனவரியில் வராத சம்பள உயர்வு இன்னும் வரவில்லை. மேனேஜர் ஸ்கந்தன் சார் போன வாரமும் அதையே சொன்னார். "ஆஸ்பத்திரி கார்டுக்குக் கட்டுற பணம் ஒண்ணரை மடங்கு ஏறிடுச்சும்மா. உங்களுக்கு ஏத்த வேண்டிய நூறு ரூபா அங்க போயிடுச்சு. முதலாளி எங்கேருந்து கொண்டாருவாரு?"

அந்தக் கார்டு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் முதலாளி நம் பதினான்கு பேரையும் மொட்டை மாடியில் உட்கார வைத்து, மாதம் நூறு ரூபாய் சேர்த்துத் தரவா, இல்லை குடும்பத்தோடு எல்லோருக்கும் ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் கார்டு போட்டுத் தரவா என்று கேட்டார். கார்டுக்கு முதலில் கை தூக்கியவள் நான். நீ மட்டும்தான் எழுந்து, "ரெண்டும் வேணும் சார்" என்றாய். எல்லோரும் சிரித்தோம். முதலாளியும் சிரித்துக்கொண்டே, முதல் வருஷம் மட்டும் இரண்டையும் முழுசாகக் கொடுத்தார்.

உன் டிபன் பாக்ஸ் சமையல் கட்டிலேயே கிடந்தது. தேய்த்துக் கழுவி வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
சமையல் உண்ணாமலை


திருப்பூர்,
4-4-2004

அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதியிருக்கிறீர்கள். என் உடம்பைத்தான் ஊரே பார்த்து முடித்துவிட்டதே, இனி நான் தனியாகப் பார்க்க என்ன இருக்கிறது?

டிபன் பாக்ஸ் விசாரிக்கிறீர்கள், நீலம் விசாரிக்கிறீர்கள். ஏன் போனாய் என்று மட்டும் கேட்கவில்லை. உங்களுக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன்.

ஜனவரி எட்டாம் தேதி காலை. கையெழுத்துப் போடும் நோட்டு இருக்கும் மேஜைக்கு மேலே, சுவரில் ஸ்கந்தன் சார் ஒரு தாள் ஒட்டினார். சம்பளம் ஏறாததற்கு முதலாளி காரணமில்லை என்று காட்ட நினைத்திருப்பார், நல்ல மனிதர்தான். 'சென்ற ஆண்டு கார்டில் சிகிச்சை பெற்றோர்' என்று தலைப்பு. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி. 'உண்ணாமலை. வேலூர். மகளிர் நோய் அறுவை சிகிச்சை. ஆகஸ்ட். ரூபாய் இருபத்தெட்டாயிரம்.'

ஆகஸ்டில் நான் பதினெட்டு நாள் லீவ். அம்மாவுக்கு மஞ்சள் காமாலை, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டு ஊரில் இருந்தேன். நீங்களும் அந்த மாதம் லீவ். போளூரில் மகள் வள்ளிக்குப் பிரசவம் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். உங்களை யாரும் நினைக்கவில்லை. பேரன் பிறந்ததற்குச் சர்க்கரை கொடுத்தவளை யார் சந்தேகப்படுவார்கள்?

எல்லம்மாள் சொன்னது: "ஒருத்தி ஆபரேஷன் பண்ணிக்கினதுக்கு நாங்க பதிமூணு பேரும் வாயக் கட்டணுமா?" பாஞ்சாலை சொன்னது அதைவிட மெதுவாக: "கண்ணாலம் ஆவாத பொண்ணுக்கு அப்படி இன்னாடி ஆபரேஷன்?"

நான் ஸ்கந்தன் சாரிடம் ஓடினேன். இனிஷியல் போடுங்க சார், என் கார்டில் ப. உண்ணாமலை என்று அப்பா பலராமன் பெயர் இருக்கிறது, பாருங்க என்று கார்டைக் காட்டினேன். "இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பின பேப்பர்ல இனிஷியல் இல்லம்மா. டைப் அடிக்கிறவன் விட்டிருப்பான்" என்றார். அந்தக் கார்டு மூன்று வருஷமாகப் பிளாஸ்டிக் உறையைவிட்டு வெளியே வந்ததே இல்லை. ஒரு தலைவலிக்குக்கூட நான் அதை நீட்டியதில்லை.

எனக்கு மாப்பிள்ளை நிச்சயித்திருந்த வேங்கிக்காலில் பாஞ்சாலைக்கும் சொந்தம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பத்து நாளில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. பரிசம் போட்ட புடவையைத் திருப்பிக் கேட்டார்கள். நான்தான் மடித்துக் கொடுத்தேன். துணி மடிப்பதுதானே என் வேலை.

நான் இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை. எனக்கு இரண்டு வரைக்கும் எண்ணத் தெரியும் அக்கா. நம் கெஸ்ட் ஹவுஸில் இரண்டே உண்ணாமலை. துணி உண்ணாமலை இல்லையென்றால் மீதி யார்? அந்த நாளெல்லாம் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் குனிந்து புளி கரைத்துக்கொண்டிருந்தீர்கள்.

பதில் எழுதினால் அதை எழுதுங்கள். சொட்டு நீலத்தைப் பற்றி எழுதாதீர்கள்.

உண்ணாமலை


அடி அண்ணாமலை,
10-5-2004

சின்னவளே,

ஒரு மாதமாக இந்தக் கடிதத்தை ஆரம்பிப்பதும் நிறுத்துவதுமாக இருக்கிறேன். நடுவில் சித்ரா பௌர்ணமி வந்தது. மலை சுற்றுகிற கூட்டத்தில் பாதி நம் தெருவில்தான் நின்றது. மூன்று அண்டா எலுமிச்சை சாதம் கிளறினேன். கையில் வேலை இருந்தவரை மனசு சும்மா இருந்தது. கூட்டம் கலைந்ததும் மறுபடி உன் கடிதம்.

நான்தான். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இரண்டு வருஷமாக ஏன் கருநீலப் புடவையே கட்டுகிறீர்கள், வேறு நிறமே கிடைக்கவில்லையா என்று நீ கேலி செய்வாய். கறை தெரியக்கூடாது என்றுதான். மாதத்தில் இருபது நாள் போகும். அடுப்பு முன்னால் நிற்கும்போது கால் வழியாக இறங்கும். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடுவேன். வள்ளி அப்பாவுக்கு மட்டும் தெரியும். அவர்தான், கார்டு இருக்கிறதே, வேலூருக்குப் போகலாம் என்று பிடிவாதமாக நின்றார். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். நான் படுத்திருந்த அதே வாரம் வள்ளிக்குப் பிரசவம் ஆனது. பெற்ற மகள் பிள்ளை பெறும்போது கூட இல்லை. பேரனை முப்பதாம் நாள்தான் பார்த்தேன். சர்க்கரை கொடுத்தது நிஜம், போளூர் போனதாகச் சொன்னது பொய்.

இனிஷியல் ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தத் தாளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முதன்முதலில் கார்டுக்கு ஃபாரம் எழுதும்போது ஸ்கந்தன் சார் என்னிடம் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார். கட்டினவர் பெயரை நான் என்றைக்கு வாயால் சொல்லியிருக்கிறேன்? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். "சரி, அப்புறம் கேட்டு எழுதிக்கலாம்" என்று அந்த இடத்தை வெறுமையாக விட்டார். அப்புறம் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பதினான்கு ஃபாரத்தில் அது ஒன்று அவருக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது? நான் வெட்கப்பட்டுச் சிரித்த சிரிப்பு உன் தலையில் விழுந்தது.

வாயைத் திறக்காததற்குக் காரணம் கேட்பாய். எல்லம்மாள் அன்றைக்கு அழுதாளே, அந்த நூறு ரூபாயை நம்பித்தான் மகனை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன் என்று. அதைக் கேட்ட பிறகு நான்தான் என்று எப்படிச் சொல்வேன்? அதற்கு மேல் ஸ்கந்தன் சார், "ஜாஸ்தி செலவு வைக்கிற ஆளை அடுத்த தடவை கார்டுல சேர்க்கறதா வேணாமானு முதலாளி யோசிக்கிறாரு" என்றார். எடுத்ததைச் சோதித்துப் பார்த்ததில் ஏதோ ஆரம்பம் மாதிரி இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து ஒருநாள் படுத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கார்டு போய்விட்டால் நான் எங்கே போவேன்? ஆனால் பிப்ரவரியில் போக வேண்டியவள் போகவும் இல்லை. போனால் இன்னொரு தாளில் இன்னொரு உண்ணாமலை வரும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதாவிட்டால் இந்தக் கடிதமும் பொய்தான். எல்லோரும் உன் பக்கம் திரும்பிப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு நிமிஷம்தான். ஆனால் இருந்தது.

நான் என்ன செய்யட்டும், நீயே சொல்.

உண்ணாமலை


திருப்பூர்,
30-5-2004

அக்காவுக்கு,

கருநீலப் புடவை என்று படித்ததும் அழுதுவிட்டேன். மெஷினில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த திண்டுக்கல் பெண் வீட்டில் ஏதாவது சாவா என்று கேட்டாள். அழுததால் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஒரு நிமிஷ நிம்மதியை நீங்களாக எழுதியதால்தான் இந்தப் பதிலே எழுதுகிறேன்.

இங்கே கார்டு, கீர்டு எதுவும் கிடையாது. நான் வேலை செய்வது ஒரு சந்துக்குள் இருக்கும் காண்டிராக்ட் யூனிட். பனியனுக்குக் கழுத்துப்பட்டி தைக்கிறேன், டஜன் கணக்கில் கூலி. நான் சொன்ன திண்டுக்கல் பெண்ணுக்குப் போன மாதம் ஊசி விரலுக்குள் போய் உடைந்துவிட்டது. எடுக்கப் போன இடத்தில் கேட்ட பணத்தைக் காண்டிராக்டர் முன்பணமாகக் கொடுத்தார். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் கூலியில் கழிகிறது. விரலும் வீங்கியிருக்கிறது, தைப்பதும் கம்மி, அதனால் கூலியும் கம்மி. அதிலிருந்து கழிக்கவும் செய்கிறார்கள். அவளைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். கார்டு இருந்தாலும் வைத்தியம் நம் சம்பளத்திலிருந்துதான், இல்லாவிட்டாலும் நம் சம்பளத்திலிருந்துதான். இருந்தால் பதினான்கு பேர் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, இல்லாவிட்டால் ஒருத்தி சம்பளத்திலிருந்து மொத்தமாக.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கார்டு வந்த இரண்டாம் வருஷம் நம்மில் ஒருத்தரும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. அப்போதும் கார்டு விலை ஏறிவிட்டது என்று நூறை ஐம்பதாக்கினார்கள். அது யார் வயிற்றை அறுத்ததால் ஏறியது? அந்த வருஷம் சுவரில் எந்தத் தாளும் ஒட்டவில்லையே. இதை எல்லம்மாளிடம் கேட்கவேண்டும் என்று எனக்கு இங்கே வந்து மூன்று மாதம் கழித்துத்தான் புத்தி வந்தது. அன்றைக்கு வந்திருந்தால் வாதாடியாவது இருப்பேன்.

என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் சொல்லி நீங்கள் செய்தால் அது நான் செய்தது ஆகிவிடும். உங்கள் முன்னால் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று வேலூர். இன்னொன்று அந்தத் தாள். இரண்டையும் செய்ய உங்களுக்குக் கால் இருக்கிறது, கை இருக்கிறது.

நான் வேலூரை முதலில் எழுதியிருக்கிறேன், கவனியுங்கள்.

உண்ணாமலை


அஞ்சலட்டை
18-8-2004

சின்னவளுக்கு,

இன்னும் இரண்டும் செய்யவில்லை. மறுபடி பொய் சொல்லக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். ஆகஸ்ட் தவணையும் போய்விட்டது. அட்டையில் இதற்கு மேல் எழுத முடியாது, தபால்காரர் படிப்பார்.

உண்ணாமலை


அஞ்சலட்டை
27-8-2004

அக்காவுக்கு,

படிக்கட்டும். படித்துவிட்டு அவராவது போய் நாலு பேரிடம் சொல்லட்டும்.

உண்ணாமலை
(எந்த உண்ணாமலை என்று அவரே கண்டுபிடித்துக்கொள்ளட்டும்)


அடி அண்ணாமலை,
3-12-2004

அன்புள்ள சின்ன உண்ணாமலைக்கு,

தீபம் முடிந்து ஒரு வாரமாகிறது. இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், பாதியில் கிழித்துவிடாதே.

தீபத்துக்கு முதல் நாள் எல்லா அறையும் நிரம்பி, வராந்தாவிலும் ஆள் படுத்திருந்தார்கள். பாஞ்சாலை மாடிக்கு மெத்தை தூக்கிக்கொண்டு போனவள், நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கையைப் பிடித்துத் தன் மார்புக்குப் பக்கத்தில், அக்குள் ஓரத்தில் வைத்தாள். பட்டாணி அளவு, கல் மாதிரி. "அஞ்சு மாசமா இருக்குது உண்ணாமலை. வலிக்கல. ஆனா பெருசாவுது" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவாம இன்னாடி பண்ணிக்கினு இருந்த?" என்று கத்திவிட்டேன்.

"எப்படிப் போவேன்? கார்ட நீட்டினா ஜனவரில செவுத்துல பேர் ஒட்டுவாங்க. அந்தத் துணி உண்ணாமலைய நான் பேசின பேச்சு எனக்கே திரும்பி வரும்" என்றாள்.

அதற்கு மேல் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கீழே இறங்கினேன். அந்தத் தாள் இன்னும் அதே சுவரில்தான் இருந்தது. வெயில் பட்டு மஞ்சளாகி, ஒரு மூலை பிய்ந்து தொங்கியது. ஸ்கந்தன் சார் கையெழுத்து நோட்டோடு கட்டி வைத்திருக்கும் பேனாவை இழுத்தேன். கயிறு எட்டவில்லை. நோட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, உண்ணாமலைக்கு முன்னால் இருந்த இடத்தில் 'வே.' என்று பெரிதாக எழுதினேன்.

ஸ்கந்தன் சார், "என்னம்மா பண்றே?" என்று எழுந்து வந்தார். முதலாளி தீபத்துக்காக வந்து அவர் அறையில்தான் இருந்தார். எல்லம்மாள், ராணியம்மாள், எல்லோரும் வந்து நின்றுவிட்டார்கள். நான் சொன்னேன். முப்பது வருஷமாக வாயில் வராத பெயர், உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் சொன்னேன். "வேடியப்பன் பொண்டாட்டி உண்ணாமலை. நான்தான் அது. வேலூர்ல கர்ப்பப்பை எடுத்துக்கினது நான். அந்தப் பொண்ணு ஒரு தலைவலிக்குக்கூடக் கார்ட நீட்டல. நீங்க அவளப் பேசினப்ப நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன்."

அப்புறம் எல்லம்மாள் வந்தாள். அடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன். "பதினோரு மாசமா எங்களுக்கு சோறு போட்டுக்கினே இருந்தியேடி. எப்படி உனக்கு மனசு வந்துச்சு?" என்றாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தட்டை நீட்டுகிறாள், வாங்கிக்கொண்டு போகிறாள். அவள் செய்வது சரி என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

ஆனால் பாஞ்சாலையை அங்கேயே நிறுத்தி, அவள் கட்டியைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அதுதான் மற்றவர்கள் வாயையும் திறந்தது. தோட்டக்காரருக்கு ஒரு வருஷமாகக் குடலிறக்கம், துண்டைச் சுருட்டி வைத்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டி பிடிக்கிறார். ராணியம்மாள் மகளுக்குக் காதில் சீழ். எல்லோரும் கார்டை வீட்டில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, பேர் ஒட்டுவார்கள் என்று பயந்து நோயைப் பொத்தி வைத்திருக்கிறார்கள். வேலூருக்குப் போன ஒருத்தி நான்தான்.

முதலாளி தீபம் முடிந்த மறுநாள் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். கம்பெனி காகிதத்தைக் கொண்டுவந்து எல்லோரிடமும் காட்டினார். இந்த வருஷம் ஒரு சிகிச்சைகூட இல்லை, ஆனாலும் தொகை ஏறித்தான் வந்திருக்கிறது. "நான் ஏமாத்தறேன்னு நெனைக்காதீங்க. ரூம் வாடகை ஏறல, இது மட்டும் ஏறுது. நானும் எங்க போவேன்?" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் பொய்யாகத் தெரியவில்லை. பிறகு அதே கேள்வி: "கார்டு வேணுமா, சம்பளம் ஏறணுமா?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எனக்கு உன் ஞாபகம் வந்தது. எழுந்து நின்று, "ரெண்டும் வேணும் சார்" என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தர் பின்னால் ஒருத்தராக எழுந்தார்கள். எல்லம்மாளும் எழுந்தாள், என் பக்கம் திரும்பாமல்.

ஐம்பது ரூபாய் ஏற்றியிருக்கிறார். கார்டும் தொடரும், எல்லோருக்கும், எனக்கும். இனிமேல் எந்தப் பெயரையும் சுவரில் ஒட்டமாட்டோம் என்று ஸ்கந்தன் சார் அவர் கையாலேயே தாளைக் கிழித்தார். ஐம்பது ரூபாய் இன்றைய அரிசி விலைக்கு எந்த மூலைக்கு? எனக்குத் தெரியும். நடந்ததைப் பெரிதாக்கி எழுதவில்லை.

பாஞ்சாலையை வேலூருக்கு அனுப்பினோம். கட்டியில் ஊசி குத்திச் சோதனைக்கு எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதச் சொன்னாள். நீயே எழுதுடி, நான் யார் சொல்ல என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு எழுதத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

அவள் மூலம் வேங்கிக்காலுக்கும் விஷயம் போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா நேரில் வந்து உன் திருப்பூர் விலாசம் கேட்டார். தரவில்லை. நீ சொன்னால் தருகிறேன்.

நீ முதலில் எழுதிய வேலையை இன்னும் செய்யவில்லை. தாளை முதலில் முடித்துவிட்டேன், வேலூர் பாக்கி. ஜனவரி ஆறாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். வள்ளி அப்பாவுக்கு அந்த வாரம் நெல் லோடு, வர முடியாது. மகளுக்குச் சின்னக் குழந்தை. பதினோரு மாதம் தள்ளிப் போட்டதில் உள்ளே என்ன ஆகியிருக்குமோ என்று இட்லிக்கு மாவு ஊற்றும்போதெல்லாம் நினைக்கிறேன். தனியாகத்தான் போக வேண்டும். போவேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை வரவில்லை. பரிசப் புடவையை நீயே மடித்துக் கொடுத்தாய் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் தினமும் படிக்கிறேன்.

இப்படிக்கு,
வே. உண்ணாமலை


திருப்பூர்,
12-12-2004

வே. உண்ணாமலை அக்காவுக்கு,

வேடியப்பன் என்பது நல்ல பெயர்தானே அக்கா. இதையா முப்பது வருஷம் முந்தானைக்குள் ஒளித்து வைத்திருந்தீர்கள்?

கடிதத்தைக் கிழிக்கவில்லை. முதலில் மெஷினுக்கு அடியில் ஒளித்துவைத்துப் படித்தேன். அப்புறம் திண்டுக்கல் பெண்ணுக்கும் படித்துக் காட்டினேன். 'ரெண்டும் வேணும் சார்' என்ற இடத்தில் அவள் வீங்கின விரலோடு கை தட்டினாள். வருகிற சனிக்கிழமை நாங்கள் ஆறு பேர் காண்டிராக்டரிடம் போய், மெஷினில் காயம் பட்டால் வைத்தியச் செலவைக் கூலியில் கழிக்கக்கூடாது என்று கேட்கப்போகிறோம். கிடைக்குமா என்று தெரியாது. வேலையே போனாலும் போகும்.

வேங்கிக்காலுக்கு விலாசம் தர வேண்டாம். ஒரு தாளைப் பார்த்துவிட்டுப் புடவையைத் திருப்பிக் கேட்டவர்கள், அதே தாளில் ஓர் எழுத்து ஏறியதும் விலாசம் கேட்கிறார்கள். நடுவில் ஒரு தடவையாவது என்னைக் கேட்டிருக்கலாம். அந்தப் புடவை எனக்குப் பிடித்திருந்தது. மாம்பழ நிறம். அது ஒன்றுதான் வருத்தம். வேறு வருத்தம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் இருக்கிறது, ராத்திரியில் வரும். உங்களிடம் மறைக்க இனி என்ன?

பாஞ்சாலை அக்காவுக்கு நல்லபடியாக முடிவு வரட்டும். அவர் சொன்னது எனக்கு மறக்காது. ஆனாலும் நல்லபடியாக வரட்டும்.

கெஸ்ட் ஹவுஸுக்குத் திரும்பி வரமாட்டேன். யாராவது கூப்பிடச் சொன்னால் இதைச் சொல்லிவிடுங்கள். எல்லம்மாளிடம், ஒரு வாளித் தண்ணீருக்கு மூன்று சொட்டு நீலம், அதற்கு மேல் வேண்டாம், அலசின பிறகுதான் நீலம் என்று சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்லுங்கள், அதற்காகவாவது உங்களோடு பேசுவாள்.

மன்னித்தேனா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. அது எப்போது வருமோ அப்போது வரட்டும். அதுவரைக்கும் காத்திருந்து வைத்தியம் பார்க்க முடியாது. ஜனவரி ஐந்தாம் தேதி சாயங்காலம் இங்கிருந்து பஸ் ஏறுகிறேன், விடிவதற்குள் வேலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். மூன்று நாள் கூலி போகும், போகட்டும். நீங்கள் முதல் பஸ்ஸில் வந்துவிடுங்கள். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருப்பார்கள், அதனால் எனக்கு மட்டும் டிபன் கொண்டுவந்தால் போதும், என் பாக்ஸிலேயே.

சேர்க்கும் இடத்தில் நோயாளி பெயர் கேட்பார்கள். வீட்டுக்காரர் பெயரும் கேட்பார்கள். சிரிக்காமல் சத்தமாகச் சொல்லுங்கள். அதற்கு அடுத்து, உடன் வந்தவர் பெயர் என்ன என்று கேட்பார்கள். அதற்கும் உண்ணாமலை என்று நான் சொல்வேன். நோட்டு எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்து, ஒரே பெயரா, குழப்பமாகிவிடுமே என்பார். பரவாயில்லை, இந்தத் தடவை குழம்பினால் குழம்பட்டும், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம்.

ப. உண்ணாமலை